பிஸ்கட் டின்னுக்குள் போன சொற்கள்

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த காலத்தில், வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு ஹோலில் கிழமைக்கு நாலு நாள் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளையும் பெண்ணும் ஆங்கிலச் சொற்கள். பொருத்தம் பார்த்து நடத்திவைத்தவர் என் அம்மா.

அம்மாவை எங்கள் ஒழுங்கையில் எல்லோரும் மிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை அது. நாலாம் மாடியில் எங்கள் வீடு. பல்கனியில் நின்றால் கீழே ரயில் பாதை, அதற்கப்பால் கடல். அம்மாவிடம் படிக்க வந்தவர்கள் எல்லோரும் வெளிநாடு போகக் காத்திருந்தவர்கள். வீசா வராத புதுப்பெண்கள், பிள்ளைகளிடம் போகப்போகும் தாய் தகப்பன்மார், ஒரு தாதி, ஒரு நகைக்கடைக்காரர். இலக்கணம் அவர்களுக்குப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுத்தாயிற்று. அதனால் வாய் திறக்க வரவில்லை என்பதும் தெரிந்தாயிற்று. அம்மா சொல்லிக் கொடுத்தது வேறு. எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேர்ந்து வரும் என்ற ஒன்றைத்தான் அவர் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தார். அதற்குச் 'சோடி' என்று பெயர் வைத்திருந்தார்.

"இங்கிலீஷில மழை ஹெவி. தேத்தண்ணி ஸ்ட்ரோங். மழையை ஸ்ட்ரோங் எண்டு சொன்னாலும் அவங்களுக்கு விளங்கும். ஆனா முகத்தைப் பாத்துச் சிரிப்பாங்கள்," என்பார் அம்மா. யாராவது முகம் சுளித்தால், "ஏன், தமிழில நாங்கள் மேளம் அடிக்கிறம், குழல் ஊதுறம், வீணை வாசிக்கிறம். வீணையை ஊதுறன் எண்டு ஆராவது சொல்லுவீங்களோ? அதே கணக்குத்தான்," என்று முடித்துவிடுவார்.

நகைக்கடைக்காரர் மட்டும் விடமாட்டார். "மிஸ்டேக்குக்கு ஏன் மேக், மிஸ்? டூ எண்டால் என்ன குறை?"

"பொருத்தம் இல்லை ஐயா."

"எந்தப் பொருத்தம்?"

"பத்தும் இல்லை."

வகுப்பே சிரிக்கும். சோடிகளை அம்மா பிரிஸ்டல் போர்ட் அட்டைகளில் எழுதி வைத்திருந்தார். நீல அட்டை மாப்பிள்ளை, றோஸ் அட்டை பெண். அட்டை வெட்டுவதும், வகுப்பு முடிய அவற்றைப் பொறுக்கி றப்பர் பான்ட் போடுவதும் என் வேலை. இன்டர்நேஷனல் ஸ்கூலில் படித்ததால் எனக்கு அந்தச் சோடிகள் எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. பெரியவர்கள் நெற்றியைச் சுருக்கி யோசிக்கும்போது, கதவோரம் நின்று எனக்குள்ளே சிரித்துக்கொள்வேன். அப்படி ஒரு தலைக்கனம்.

அந்த வருடம்தான் சின்னம்மா யாழ்ப்பாணத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மாவின் ஒரே தங்கை. செவ்வாய்க் குற்றம் என்று சாதகக் கட்டோடு வீடு வீடாக அலைந்து, எல்லோரும் அலுத்துப்போன வயதில், அதே செவ்வாயோடு ஒருவர் அகப்பட்டார். அவர் வெளிநாட்டில் இருந்தார். எந்த நாடு என்று கேட்காதீர்கள். எங்கள் வீட்டில் அந்த நாட்டுக்குப் பெயர் கிடையாது, 'அங்க' என்பார்கள். அங்க பனி கொட்டும், அங்க எல்லாம் கிடைக்கும், அங்க போனால் சரி. லீவெடுத்து வந்து, வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் தாலி கட்டி, லீவு முடிய அவர் திரும்பிப் போனார். வீசா வரும்வரை சின்னம்மா என் அறையில், என் கட்டிலுக்குப் பக்கத்தில் மெத்தை விரித்துப் படுத்தார்.

எனக்குச் சின்னம்மாவை அவ்வளவு பிடிக்கும். கதை சொல்லும்போது கையும் காலும் சேர்ந்து கதைக்கும். மரக்கறிக்காரனோடு தனக்குத் தெரியாத சிங்களத்தில் பேரம் பேசி வெல்லுவார். அதனால்தான் எனக்குச் சித்தப்பாவைப் பிடிக்காமல் போனது. ஏனென்றால் அந்த மனிசனோடு சின்னம்மா ஒவ்வொரு நாளும் சண்டை பிடித்தார்.

எங்களுக்கு விடியும்போது அவருக்கு இரவு. வேலை முடிந்து வந்து, ஃபோனை எங்கேயோ சாய்த்து வைத்துவிட்டு அவர் சமைப்பார். சின்னம்மா இங்கே பல்கனியில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்று வீடியோவில் பார்ப்பார். பார்ப்பார் என்றா சொன்னேன்? ஏசுவார்.

"இப்பவோ மஞ்சள் போடுறது? ஐயோ, உங்களுக்கு அறிவிருக்கோ?"

"மறந்துபோனன்."

"பருப்பு அடிப்பிடிக்குது! கரண்டி எங்க? அந்த லாச்சிக்குள்ள இல்லை, மற்றதை இழுத்துப் பாருங்கோ!"

"அப்ப நீர் வந்து சமையும்."

"வந்து சமைக்கிறதோ? வந்து முதல் அந்தக் கறுத்தச் சட்டியைத் தூக்கி எறியிறனோ இல்லையோ எண்டு பாருங்கோ!"

இந்த நேரம் பார்த்துக் கீழே கோட்டை ஸ்டேஷனுக்குப் போகும் ரயில் வரும். கட்டடமே அதிரும். சின்னம்மா கையை உயர்த்தி, "பொறுங்கோ, கோச்சி போகுது," என்பார். அங்கே அவரும் கரண்டியைப் பிடித்தபடி பொறுத்திருப்பார். கடைசிப் பெட்டி போய் முடிந்ததும் சின்னம்மா விட்ட இடத்திலிருந்து, ஒரு சொல் பிசகாமல், சண்டையைத் தொடங்குவார். அந்தப் பொறுமையைப் பார்த்தால் இரண்டு பேருக்கும் கோபம் இருந்ததென்று யாரும் சொல்லமாட்டார்கள். எனக்கு அது அப்போது தெரியவில்லை. எங்கள் வகுப்பில் சண்டை என்றால் கோவம் போடுவது. கோவம் போட்டால் பக்கத்தில் இருக்கமாட்டோம், ரப்பர் கடன் கொடுக்கமாட்டோம். ஒவ்வொரு நாளும் கோவம் போடுகிற ஒருவரிடம் சின்னம்மா ஏன் போகவேண்டும் என்று நான் கடலைப் பார்த்து யோசித்திருக்கிறேன்.

வீசாவுக்கு நேர்முகம் இருக்கும் என்று தெரிந்ததும் அம்மா தங்கையைத் தன் வகுப்பில் சேர்த்துக்கொண்டார். சின்னம்மாவுக்கென்று தனியாக ஒரு கட்டு அட்டை தயாரானது. அம்மாவே பொறுக்கி எடுத்தார். அப்படிப் பொறுக்கும்போது சில அட்டைகளை ஒதுக்கி என் பக்கம் தள்ளினார்.

அம்மாவின் சுபாவத்தை இங்கே சொல்லவேண்டும். வெளியே கிளம்பும் ஆள் 'போறன்' என்று சொல்லிவிட்டால், திருப்பிக் கூப்பிட்டு 'போட்டு வாறன்' என்று சொல்லவைத்துத்தான் அனுப்புவார். விளக்கை அணை என்று சொல்லக்கூடாது, நூர் என்றுதான் சொல்லவேண்டும். இப்படிப்பட்டவர், புதுத் தாலியோடு நிற்கும் தங்கையின் வாயில் எதையெல்லாம் வரவிடுவார்? வாக்கை முறிக்கிற சோடி போனது. நம்பிக்கையை இழக்கிற சோடி போனது. விவாகரத்துக்கு விண்ணப்பிக்கிற சோடியைத் தொட்ட கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். கடைசியாகச் சண்டை பிடிப்பதற்கான சோடி, 'ஹாவ்' நீலத்திலும் 'ஆர்கியூமென்ட்' றோஸிலும், என் மடியில் வந்து விழுந்தது.

"புதுசாக் குடும்பம் தொடங்கப் போற பிள்ளை. உதெல்லாம் நாக்கில பழகக்கூடாது," என்றார்.

எஞ்சியவை எல்லாம் மங்களமானவை. டீப்லி இன் லவ். ஹாப்பிலி மரீட். க்ளோஸ் ரிலேஷன்ஷிப். கீப் இன் டச். கலியாண அழைப்பிதழில் அச்சடிக்கக்கூடிய சொற்கள். ஒதுக்கிய அட்டைகளை நான் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போட்டு வைத்துக்கொண்டேன். எனக்கென்னவோ அவைதான் பிடித்திருந்தன. அவற்றில் எதையாவது சொன்னால் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒத்திகை நடக்கும். அப்பாவின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேசைக்கு அந்தப் பக்கம் நான் அதிகாரியாக இருப்பேன். அம்மா சின்னம்மாவுக்குப் பின்னால் நிற்பார். அப்பா புறக்கோட்டையில் கடை பூட்டிவிட்டு வந்த களைப்பில் ஓரமாக இருந்து பார்ப்பார். ஏன் இவரைக் கலியாணம் செய்தீர்கள், இவருடைய வேலை என்ன, எத்தனை நாளைக்கு ஒருமுறை கதைப்பீர்கள் என்று அம்மா எழுதித்தந்த கேள்விகளை நான் மூக்கால் கேட்பேன். சின்னம்மா கண்ணை மூடிக்கொண்டு, அட்டை மனதில் வந்ததும் கண்ணைத் திறந்து சொல்லுவார். பிழைத்தால் அம்மா முதுகில் மெதுவாகத் தட்டுவார். முதலில் தடக்கித் தடக்கி வந்தது, போகப்போக வழுக்கிக்கொண்டு வந்தது.

ஒருநாள் எனக்குக் குறும்பு பிடித்தது. எழுதித்தராத ஒரு கேள்வியை டின்னிலிருந்து எடுத்துக் கேட்டேன். நீயும் உன் கணவரும் சண்டை பிடிப்பீர்களா, எதற்காக?

சின்னம்மா கண்ணை மூடவே இல்லை. "யெஸ்! டெய்லி! ஃபோர் பருப்பு!" என்றார். சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஹி பேர்ன் பருப்பு, ஐ ஷவுட். ஹி லாஃப், ஐ ஷவுட் மோர்." அப்பாவுக்குப் புரையேறியது. நானும் கண்ணாடி நழுவும்வரை சிரித்தேன்.

அம்மா சிரிக்கவில்லை. "நாவூறு மாதிரிக் கதையாதை," என்று எனக்கு ஒரு குட்டு விழுந்தது. பிறகு தங்கையைப் பார்த்து, "விளையாட்டுக்கும் அப்பிடிச் சொல்லாதை. சண்டை எண்டு கேட்டால் நெவர் எண்டு சொல்லு. வீ ஆர் ஹாப்பிலி மரீட். சொல்லு பாப்பம்."

சின்னம்மா சிரிப்பைத் துடைத்துக்கொண்டு சொன்னார். சரியாகச் சொன்னார்.

நான் இப்போது கணினித் திரைக்கு முன்னால் இருந்து, எங்கெங்கோ இருக்கும் ஆட்களுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். அம்மாவின் தொழில்தான், அட்டைகள் மட்டும் இல்லை. சொற்களின் சேர்க்கையைப் பற்றிச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் அந்த மேசை ஞாபகத்துக்கு வருகிறது. சின்னம்மாவின் மூன்று வசனத்திலும் இலக்கணம் இல்லை, பருப்புக்கு ஆங்கிலமும் இல்லை. ஆனால் கேட்ட கேள்விக்குச் சரியான விடை அதுதான். அந்த விடை எங்கள் வீட்டு மேசையில் பிறந்து அங்கேயே அடக்கம் செய்யப்பட்டது. அதை நினைக்க இன்றைக்கும் எனக்கு மனம் வலிக்கிறது.

நேர்முகத்துக்கு முந்தின கிழமை, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. அப்பா வாசித்துச் சொன்னார். சின்னம்மாவின் முகம் மலர்ந்தது. "தமிழில கதைக்கலாமோ அத்தான்?"

அம்மா குசினியிலிருந்து வந்தார். "இங்கிலீஷ் மிஸ்ஸின்ர தங்கச்சிக்கு மொழிபெயர்க்க ஆளோ? என்ர வகுப்புக்கு இனி ஆர் வருவினம்?"

"வகுப்புக்கு வராட்டிலும் பரவாயில்லை, வீசா வந்தால் போதும்," என்றார் அப்பா.

"ஊர் சிரிக்கும்."

"சிரிக்கிறவன் சிரிக்கட்டும். இவள் மனதில உள்ளதைத் தமிழில சொல்லட்டன்."

அம்மா சின்னம்மாவைப் பார்த்தார். சின்னம்மா அக்காவைப் பார்த்தார். தாய் இல்லாத வீட்டில் அக்கா முன்னின்று கட்டுவித்த தாலி அது. "வேண்டாம் அத்தான். நான் இங்கிலீஷிலயே சொல்லுவன்," என்றார். அப்பா தோளைக் குலுக்கிக்கொண்டு பதில் எழுதப் போனார்.

நேர்முகத்தன்று காலை பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தோம். தேங்காய் நன்றாகத்தான் உடைந்தது. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது மேசையில் ரோல்ஸும் கேக்கும் இருந்தன. சின்னம்மா சேலைகூட மாற்றாமல் நடுவில் இருந்தார். முகம் பூரித்திருந்தது.

"எல்லாம் வந்தது அக்கா. ஒண்டும் மறக்கேல்லை. ஒரு வெள்ளைக்காரப் பொம்பிளை. நல்ல மனிசி, தண்ணி கூடத் தந்தவ."

"என்ன என்ன கேட்டவ?"

"நீங்கள் சொன்னதெல்லாம்தான். பிறகு ஒண்டு புதுசாக் கேட்டவ. நீங்கள் ரெண்டு பேரும் எதுக்குச் சண்டை பிடிப்பீங்கள் எண்டு."

அம்மாவின் கை கேக் வெட்டிய இடத்தில் நின்றது. "நீ என்ன சொன்னனீ?"

"நெவர் எண்டு சொன்னன். வீ ஆர் டீப்லி இன் லவ். அவ திருப்பியும் கேட்டவ, சின்னச் சின்னச் சண்டையும் இல்லையோ எண்டு. நான் திருப்பியும் நெவர். வீ ஆர் ஹாப்பிலி மரீட்."

அம்மா எழுந்துபோய்த் தங்கையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "பாத்தியே, நான் சொன்னன்," என்றார். இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் ஒரு ரோல்ஸை எடுத்தேன். அப்பா மட்டும் வாயில் போட்டதை மெல்லாமல் இருந்தார்.

"அதே கேள்வியை அவரிட்ட கேட்டால் அவர் என்ன சொல்லுவார்?" என்று கேட்டார்.

கேட்டுத்தான் இருந்தார்கள். அதே கிழமை சித்தப்பாவையும் ஃபோனில் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவர் வெள்ளை மனது உள்ளவர், அட்டை எதுவும் படிக்காதவர். எதற்குச் சண்டை என்று கேட்டதும் சிரித்துக்கொண்டு, ஒவ்வொரு நாளும் பருப்புக்குத்தான் என்றாராம். அவள் விடியற்காலையில் ஏசாவிட்டால் எனக்கு நித்திரை வராது என்றும் சொன்னாராம்.

பதில் வந்த நாள் அப்பா அதை இரண்டு தரம் வாசித்துவிட்டுத் தமிழில் சொன்னார். கணவன் சொன்னதும் மனைவி சொன்னதும் பொருந்தவில்லை. மனைவியின் விடைகள் பாடமாக்கிச் சொன்னவைபோல இருந்தன. இது உண்மையான திருமணம் என்று நம்ப முடியவில்லை.

பத்துப் பொருத்தமும் பார்த்துச் செய்த கலியாணம் பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டார்கள். அம்மா அன்றைக்கு வகுப்பை நிறுத்திவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சின்னம்மாதான் போய்த் தட்டினார். "அக்கா, வெளிய வாங்கோ. உங்களில பிழை இல்லை. திருப்பிப் போடலாமாம்," என்று கதவோடு கதைத்துக்கொண்டு நின்றார். அவர் ஒருநாளும் அம்மாவைக் குற்றம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அம்மாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

திருப்பி விண்ணப்பிக்க, காலி வீதியில் ஒரு வீசா ஆலோசகரிடம் அப்பாவும் அம்மாவும் சின்னம்மாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் கழுத்துப்பட்டி கட்டிய கெட்டிக்காரர். இந்த முறை ஃபோன் விபரம், அனுப்பிய செய்திகள் எல்லாவற்றையும் காட்டவேண்டிவரும் என்றார். "ஒவ்வொரு சொல்லும் பார்ப்பினம் தங்கச்சி. நீங்கள் நெவர் எண்டு சொல்லியிருக்கிறீங்கள், அப்ப இனி உள்ளதும் அப்பிடித்தான் இருக்கவேணும். அன்பாக் கதையுங்கோ, அன்பா எழுதுங்கோ. ஏச்சுப் பேச்சு ஒண்டும் வேண்டாம்."

முதல் முறை அக்காவின் சொல்லைக் கேட்ட சின்னம்மா, இந்த முறை ஆலோசகரின் சொல்லைக் கேட்டார். சித்தப்பாவுக்கும் விஷயம் சொல்லப்பட்டது. தன் வாயால்தான் வீசா போனது என்று அந்த மனிசன் நொந்துபோயிருந்தார். இரண்டு பேரும் பயந்துபோய், பயத்தில் மரியாதையானவர்களாக மாறினார்கள்.

எங்கள் பல்கனி அமைதியானது. சின்னம்மா சாப்பிட்டீர்களா என்று கேட்பார், அவர் ஓம் என்பார். நீர் சாப்பிட்டீரோ என்று அவர் கேட்பார், இவரும் ஓம் என்பார். குளிரா என்று கேட்டால் குளிர் என்பார். அடிப்பிடித்த பருப்பு வீடியோவில் தெரிந்தாலும் சின்னம்மா பார்க்காத மாதிரி இருப்பார். கொஞ்ச நாளில் சித்தப்பா ஃபோனைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டுச் சமைத்தார். பிறகு கடையில் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்து கதைத்தார். அதற்கும் பிறகு, களைப்பு, நாளைக்கு எடுக்கிறேன் என்று ஒரு செய்தி மட்டும் வரும். சின்னம்மா அதற்கு ஒரு பூப் படம் அனுப்புவார். ஆலோசகர் கேட்டதுபோல எல்லாம் அன்பாகவே இருந்தது.

வீசா இல்லை என்று அந்தப் பதில் வந்த நாள் எங்கள் வீட்டில் எல்லோரும் அழுதார்கள். நான் அழவில்லை. இனிச் சின்னம்மா எங்கேயும் போகமாட்டார் என்ற சந்தோஷம் எனக்கு. அதன் பிறகு சண்டையும் நின்றபோது, கடவுள் என் பக்கம் இருக்கிறார் என்றே நம்பிவிட்டேன்.

சண்டைக்குள் என்ன இருந்தது என்று எனக்கு வயது வந்த பிறகுதான் தெரிந்தது. கால் வைத்தே இராத ஒரு குசினியில் கரண்டி எந்த லாச்சிக்குள் இருக்கிறது என்று சின்னம்மாவுக்குத் தெரியும். எந்த அடுப்பு கூடுதலாக எரியும், எந்தச் சட்டி எறியவேண்டியது என்று தெரியும். 'நான் வந்து' என்று ஒவ்வொரு நாளும் வெருட்டினார். வெருட்டுகிற அந்த நேரம் முழுக்க அவர் அங்கேதான் குடியிருந்தார். மனைவி என்று நிரூபிக்க அதைவிட என்ன வேண்டும்? அதைச் சொல்லத்தான் விடவில்லை.

இரண்டாம் விண்ணப்பம் போகவே இல்லை. கடதாசிகள் எல்லாம் தயாராக இருந்தன, அனுப்பவேண்டிய இரண்டு பேருக்கும்தான் மனம் இல்லாமல் போனது. அடுத்த தைப்பொங்கலுக்குச் சின்னம்மா யாழ்ப்பாணம் போனார், திரும்பி வரவில்லை. இப்போது அங்கே ஒரு கூட்டுறவுக் கடையை நடத்துகிறார். அடுத்தவர்களோடு நன்றாகச் சண்டை பிடிக்கிறார் என்று கேள்வி. சில வருடங்களில் இரண்டு பேரும் கையெழுத்து வைத்துப் பிரிந்தார்கள். ஒரு சொல் உரக்கப் பேசாமல் பிரிந்தார்கள் என்று சொந்தக்காரர்கள் புகழ்ந்தார்கள். அம்மா அந்தப் புகழ்ச்சியைக் கேட்டு எழுந்து போய்விடுவார்.

அம்மா வகுப்பை விடவில்லை. ஆனால் புதிதாக ஒரு பெண் வந்து இருந்தால், சோடியும் பொருத்தமும் பிறகுதான். முதலில், "நீங்களும் அவரும் எதுக்குச் சண்டை பிடிப்பீங்கள், பிள்ளை?" என்று கேட்பார். புதுப்பெண்கள் வெட்கப்பட்டு இல்லை மிஸ் என்பார்கள். "வெக்கப்படாமல் சொல்லும். தமிழில சொல்லும் முதல்," என்பார் அம்மா. அந்தக் கேள்வியைக் கேட்கும்போது அவர் யாருடைய முகத்தையும் பார்க்கமாட்டார்.

ஒரு காலை மட்டும் அப்படியே நினைவில் நிற்கிறது. சின்னம்மா எங்களோடு இருந்த கடைசி மாதங்களில் ஒன்று. பள்ளிக்கூட வான் வரும் நேரம். அம்மா பல்கனிக் கதவுக்குப் பக்கத்தில் என்னை இருத்தித் தலை பின்னிக்கொண்டிருந்தார். சின்னம்மா வெளியே ஃபோனோடு நின்றார். அபூர்வமாக அன்றைக்குச் சித்தப்பா வீடியோவில் வந்திருந்தார். வேலை எப்படி என்று சின்னம்மா கேட்டார். பரவாயில்லை என்றார் அவர். பிறகு ரயில் வந்தது.

"பொறுங்கோ, கோச்சி போகுது," என்றார் சின்னம்மா.

இரண்டு பேரும் பொறுத்திருந்தார்கள். கட்டடம் அதிர்ந்து அடங்கியது. கடைசிப் பெட்டியும் பம்பலப்பிட்டிப் பக்கம் போய் மறைந்தது. கடல் சத்தம் கேட்கத் தொடங்கியது. சின்னம்மா ஃபோனைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரும் அங்கே இருந்து இவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். விட்ட இடம் என்று ஒன்று இருக்கவில்லை.

சின்னம்மா, "சரி, வைக்கட்டே?" என்றார்.

"ஓம், வையும்."

எனக்கு மனம் நிறைந்திருந்தது. ஏச்சு இல்லை, சட்டி எறிகிற வெருட்டல் இல்லை. இரண்டு பேரும் எவ்வளவு நல்ல பிள்ளைகளாகிவிட்டார்கள். அம்மாவும் இதைக் கவனித்தாரோ இல்லையோ என்று, தலையைத் திருப்பாமலே அவருடைய சோடி ஒன்றை எடுத்து அவருக்கே சொன்னேன்.

"அம்மா, பாத்தீங்களோ? இப்பதான் அவை உண்மையா ஹாப்பிலி மரீட்."

பின்னலில் இருந்த அம்மாவின் கை நின்றுவிட்டது. கீழே வான் ஹோர்ன் அடித்தது. ஏன் நிற்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. பாதிப் பின்னலோடு தலையை ஆட்டி, "கெதியாப் பின்னுங்கோ அம்மா, நேரம் போகுது," என்று அவசரப்படுத்தினேன்.